பிரேக் மிதித்தால் சில நேரம் மட்டும் ஸ்டியரிங் உதறுகிறது, உதவுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரிக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். ஏழு வருஷத்துப் பெட்ரோல் வண்டி, 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது, முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம் பிரேக்.

காலையில் பிரேக் சுத்தமாகப் பிடிக்கிறது. சாயங்காலம் அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலில் மிதித்து மிதித்து டிஸ்க் சூடான பிறகு, கன்னியக்கோயில் பக்கம் 80-லிருந்து வேகத்தைக் குறைத்தால் ஸ்டியரிங் கடகடவென்று உதறுகிறது, பெடலும் காலுக்கடியில் துடிக்கிறது, 40-க்குக் கீழே வந்ததும் அடங்கிவிடுகிறது. அதுவும் தினமும் இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போன அன்று வரவே இல்லை.

இரண்டு மாதம் முன்பு பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மாற்றி, டிஸ்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. பிரேக் தொடாமல் 100-ல் போனாலும் ஆட்டம் இல்லை, அதனால் வீல் பாலன்சிங் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட நன்றாகவே தேய்ந்திருக்கிறது, கேலிப்பரின் (பேட்களை டிஸ்கில் அழுத்தும் பாகம்) கீழ் ஸ்லைடு பின்னில் (கேலிப்பர் நகர உதவும் கம்பி) கிரீஸ் காய்ந்து கையால் தள்ளினால் நகரவில்லை. ஹப் முகத்தில் (டிஸ்கும் சக்கரமும் மாட்டும் மையப் பாகம்) துரு செதில் செதிலாக உரிகிறது (உப்புக்காற்றுதான்). அதன் மேலேயே டிஸ்கை மாட்டியிருந்தால் 0.1 மி.மீ. கோணல்கூட உதறலுக்குப் போதுமே?

முதலில் ஸ்லைடு பின்னையும் ஹப்பையும் சுத்தம் செய்து பார்க்கலாமா, இல்லை டிஸ்க் இரண்டையும் மாற்றிவிடலாமா? கடலூர், பாண்டியில் டயல் கேஜ் (நுண்ணிய கோணலை அளக்கும் கருவி) வைத்து அளந்து பார்க்கிற மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் அம்மாவைச் சென்னைக்கு ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.