ரிட்டயர்மென்ட் ட்ரீட், 11 பேரு, தயிர் சாதம் இல்லாம எந்திரிக்காத அப்பா: பெங்களூர்ல எங்க கூட்டிட்டு போறது?

நெல்லைக்காரன்_ஹெச்எஸ்ஆர்:

எங்க அப்பா இந்த செப்டம்பர் 30ம் தேதி ரிட்டயர் ஆகுறாங்க. தாலுகா ஆபீஸ்ல 34 வருஷ சர்வீஸ். அன்னைக்கு ஆபீஸ்காரங்க மாலை போட்டு வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுருவாங்க, அது ஊர்லயே முடிஞ்சிரும், நான் குடுக்க வேண்டிய ட்ரீட் தான் பாக்கி. காந்தி ஜெயந்தி லீவோட சேத்து எல்லாரும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் புடிச்சு இங்க வர்றாங்க, அக்டோபர் முதல் சனிக்கிழமை நைட்டு வெளிய போகணும், மொத்தம் 11 பேரு, பட்ஜெட் 15,000 வரைக்கும் ஓகே.

பிரச்சனை என்னன்னா எங்க வீட்ல யாரும் புதுசா ஒண்ண வாயில வைக்க மாட்டாங்க. அப்பாட்ட கேட்டா "எங்கனாலும் சரிதான்"ம்பாங்க, ஆனா எங்க போனாலும் கடைசில ஒரு பிடி தயிர் சாதம் உள்ள போகணும், இல்லாட்டி சாப்ட்ட கணக்குலயே வராது. அம்மாவுக்கு ஹோட்டல்னாலே சோடா உப்பு போட்ருப்பான்னு சந்தேகம். அத்தை சுத்த சைவம், கறி ஆக்குற அடுப்படின்னு தெரிஞ்சா தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. மாமாவுக்கு சுகர், ஆனா அது ஸ்வீட் வர்ற வரைக்கும் தான் அவருக்கு ஞாபகம் இருக்கும். தங்கச்சி மாப்பிள்ளைக்கு சிக்கன் இல்லன்னா அது ட்ரீட்டே கெடையாது. பசங்களுக்கு நூடுல்ஸும் பிங்கர் சிப்ஸும் போதும். இதுக்கு நடுவுல என் வொய்ஃப், "உங்க வீட்டாளுங்கள ஒரு நாளாவது வேற எதாச்சும் சாப்பிட வைங்களேன்"னு.

போன வருஷம் அவ பேச்ச கேட்டு தான் இந்திராநகர்ல ஒரு தாய்லாந்து ரெஸ்டாரன்ட்டுக்கு போனோம். க்ரீன் கறின்னு ஒண்ணு வந்துச்சு. அப்பா ஸ்பூன விட்டு ஒரு கிண்டு கிண்டி, "ஏல, இது நம்ம சொதி தானே, இதுல ஏன் சோப்பு வாசம் வருது"ன்னாங்க. லெமன் கிராஸ்ப்பா அதுன்னு நான் விளக்க விளக்க அம்மா முகம் மாறிக்கிட்டே போச்சு. பில்லு 4,000, ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்து அம்மா எல்லாருக்கும் தோசை ஊத்துனாங்க.

அப்பாவோட ஐடியா ஏ2பி. நல்ல கடை தான், நானே வாரம் ரெண்டு தடவ போறேன், ஆனா 34 வருஷத்துக்கு அப்புறம் குடுக்குற ட்ரீட்டுக்கு ஓசூர் ரோட்ல பஸ்ஸ நிறுத்தி காபி குடிக்கிற மாதிரி இருந்துரக் கூடாதுல்ல. கொஞ்சம் ஸ்பெஷலாவும் இருக்கணும், அவங்களுக்கு தெரிஞ்ச சாப்பாடாவும் இருக்கணும். அப்டி எதாவது இருக்கா?


அல்சூர்_பழசு:

தம்பி, மொதல்ல காலண்டர பாருங்க. அக்டோபர் முதல் சனிக்கிழமைன்னா அது புரட்டாசி சனிக்கிழமை. செப்டம்பர் 17 வாக்குல மாசம் பொறந்தா அக்டோபர் 17 வரைக்கும் ஓடும். உங்க ஊர்ப்பக்கம் நவதிருப்பதில அன்னைக்கு எள்ளு போட்டா எள்ளு விழாது, நீங்க என்னடான்னா மாப்பிள்ளைக்கு சிக்கன் தேடிட்டு இருக்கீங்க. வீட்ல கேட்டுப் பாருங்க, பாதி பிரச்சனை தானா தீந்துரும்.


நெல்லைக்காரன்_ஹெச்எஸ்ஆர்:

அய்யோ. இங்க வந்து ஏழு வருஷத்துல தமிழ் மாசமே மறந்து போச்சு சார். அம்மாட்ட போன் போட்டேன், "பின்ன, கறிக்கடைக்கா கூட்டிட்டு போலாம்னு இருந்த"ன்னு கேட்டாங்க. மாப்பிள்ளைட்டயும் தங்கச்சி பேசிட்டா. ஆக மொத்தம் சுத்த சைவம். அந்த தலைவலி போச்சு, மிச்சம் அப்டியே இருக்கு.


மல்லேஸ்வரம்_மாமி:

நைட்டு தான் போகணும்னு யார் சொன்னா? பெரியவாளுக்கு மத்தியானம் தான் சாப்பாடு, ராத்திரி ரெண்டு இட்லிக்கு மேல இறங்காது. பெங்களூர்ல நல்ல பழைய இடமெல்லாம் ராத்திரி சீக்கிரமே சட்டர இழுத்துடுவா, வரிசையா பரிமாற்ற சாப்பாடு பாதி எடத்துல மத்தியானம் மட்டும் தான். அதனால சனிக்கிழமை காலைல லால்பாக், கண்ணாடி மாளிகையெல்லாம் காமிச்சுட்டு மத்தியானம் பக்கத்துலயே எம்டிஆர். லால்பாக் ரோட்ல இருக்கே, அந்த பழசு தான், வேற பிராஞ்ச் இல்ல. திங்கக்கிழமை லீவு, உங்களுக்கு சனிக்கிழமை தானே. பேர் எழுதி குடுத்துட்டு காத்துண்டு இருக்கணும், 11 பேருக்கு சேந்தாப்ல எடம் கெடைக்க நேரமாகும், அத மட்டும் யோசிச்சுக்கோங்கோ.

1924ல உடுப்பி பக்கத்துலேந்து வந்த மையா சகோதரர்கள் ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப்போர்ல அரிசி தட்டுப்பாடு வந்தப்ப ரவைல இட்லி பண்ணிப் பாத்தா, அதான் ரவா இட்லி. எமர்ஜென்சில சாப்பாட்டு விலைய கொறைக்க சொல்லி கவர்மென்ட் கெடுபிடி பண்ணினதுல கட்டுப்படியாகாம ஹோட்டல மூடிட்டு பொடி, மிக்ஸ் எல்லாம் போட்டு விக்க ஆரம்பிச்சா, அப்பறம் தான் திரும்ப தெறந்தா. உங்க அப்பா கவர்மென்ட் ஆபீஸர், இந்த கதைய சொல்லுங்கோ, காத்துண்டு இருக்கற நேரம் போயிடும்.

இன்னொன்னு. கன்னட பேர சொன்னா நம்ம ஊர்க்காரா முழிப்பா, தமிழ்ல சொல்லிட்டேள்னா பேசாம சாப்பிடுவா. சாருன்னா ரசம். ஹுளின்னா சாம்பார். மஜ்ஜிகெ ஹுளி நம்ம மோர்க்குழம்பு தான். சித்ரான்னா எலுமிச்சம்பழ சாதம். ஒப்பட்டு வந்தா போளின்னு சொல்லுங்கோ. மொசரன்னா, அதான் உங்க அப்பாவோட தயிர் சாதம்! நான் எம்டிஆர்ல சாப்பிட்டப்ப கடைசில அதுவும் வந்தது, ஃப்ரூட் சாலட் ஐஸ்க்ரீமும் வந்தது. என் மாமியார் திருச்சிலேந்து வந்தப்ப "கோசம்பரி"ன்னதும் இலைலேந்து கைய எடுத்துட்டா, நான் "ராமநவமி பயத்தம்பருப்பு வடைப்பருப்பு"ன்னேன், ரெண்டாம் தடவ கேட்டு வாங்கிண்டா.

சாம்பார் பத்தி மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சுடுங்கோ. உடுப்பி பக்குவத்துல வெல்லம் விழும், மிளகாயும் பேடகி, நெறம் ஜாஸ்தி காரம் கம்மி. சொல்லாம விட்டேள்னா மொத வாய்லயே "பாயசத்த ஏன் மொதல்லயே ஊத்தறான்"னு ஆரம்பிச்சுடுவா.


சில்க்போர்டு_அகதி:

மாமி சொல்றது சூப்பர், ஆனா 11 பேர வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்க வெக்கறதுன்னா, அதுவும் அறுபது தாண்டினவங்க நாலஞ்சு பேரு, லாங் வீக்எண்ட் வேற, நான் பண்ண மாட்டேன் ப்ரோ.

நான் பட்டத சொல்றேன். எங்க அம்மா அப்பா கல்யாண நாளுக்கு ஒரு ரூஃப்டாப் ரெஸ்டாரன்ட் புக் பண்ணேன், பேரு வேணாம். போட்டோல விளக்கெல்லாம் தொங்கும், அவ்ளோ அழகு. போய் பாத்தா லிஃப்ட் மூணாவது மாடியோட சரி, அதுக்கு மேல இரும்பு படி. மேல போனா முதுகு சாயாத உசர ஸ்டூலு, அம்மா கால் தரைல படல, ரெண்டு மணி நேரம் தொங்கிட்டே இருந்தாங்க. பாட்டு சத்தத்துல அப்பா பக்கத்துல இருந்த அம்மாவுக்கே வாட்ஸப்ல மெசேஜ் போட்டாரு. மெனுவ செல்போன்ல ஸ்கேன் பண்ணி பாக்கணுமாம், அவருக்கு அந்த எழுத்து தெரியல, மெனுன்னு ஒரு பேப்பர் கூட குடுக்க மாட்டானான்னு கேட்டாரு. அப்பறம் கொட்டு அடிச்சிட்டு நாலு பேரு கேக்கோட வந்தானுங்க பாருங்க, அத்தோட அப்பா பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சவரு அந்த கூட்டம் கலையற வரைக்கும் வரவே இல்ல. சாப்பாட்ட பத்தி யாரும் குறையே சொல்லல, சாப்பிட்டா தானே சொல்றதுக்கு.

அதனால இப்பல்லாம் நான் சாப்பாட்டுக்கு முன்னாடி நாற்காலிய பாக்கறேன். போன் பண்ணி மூணு விஷயம் கேக்கறேன், படி இருக்கா, பாத்ரூம் அதே ஃப்ளோர்லயா, எத்தன மணிக்கு தெறப்பீங்க. ஏழரைக்கு தான் தெறப்போம்னா உங்க அப்பா எட்டே கால் வரைக்கும் பசியோட உக்காந்திருப்பாரு. நார்த் இண்டியன் போனா தந்தூரி ரொட்டி வேணாம், ஆறிடுச்சுன்னா பல்லு செட் வெச்சவங்களுக்கு தோலு மாதிரி இழுக்கும், புல்கா சொல்லுங்க. பஃபேவும் வேணாம், தட்ட தூக்கிட்டு க்யூல நின்னு கடைசில தயிர் சாதம் எடுத்துட்டு வருவாங்க, அதுக்கு தலைக்கு ஆயிரத்துக்கு கிட்ட பில்லு.

பசங்களுக்கு கோபி மஞ்சூரியன் சொன்னா செக்கச்செவேல்னு வருதான்னு பாத்துக்கோங்க, 2024 மார்ச்லயே அதுக்கு கலர் பவுடர் போடக் கூடாதுன்னு கர்நாடகா கவர்மென்ட் தடை போட்டாச்சு.


கோல்ஃப்_ரோடு_வாசி:

ஸ்பெஷல்னு கேட்டதால சொல்றேன், ஐடிசி விண்ட்சர்ல தக்ஷின் இருக்கு, நம்ம தென்னிந்திய சாப்பாடு தான், உபசாரமும் நல்லாருக்கும். ஆனா உங்க அத்தை விஷயத்துல இது சரிப்படாது, அங்க மீனும் கறியும் உண்டு. அப்பறம் பட்ஜெட். ரூம் வாடகை 7,500க்கு மேல போற ஹோட்டல்களுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்னா ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளிய சாதா ரெஸ்டாரன்ட்னா 5 தான். 15,000க்கு சாப்பிட்டா ஒரு எடத்துல வரி 2,700, இன்னொரு எடத்துல 750. சர்வீஸ் சார்ஜ் போட்டா எடுக்க சொல்லலாம், அது கட்டாயம் இல்லன்னு 2022லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. ஆனா அப்பா முன்னாடி பில்லுக்கு சண்ட போடாதீங்க, தள்ளிப் போய் பேசுங்க.


தாராபுரம்_டு_தாவணகெரே:

எல்லாரும் பெரியவங்கள ரொம்ப லேசா எட போடறீங்கனு தோணுதுங்க. அவங்களுக்கு புதுசு பயமில்லைங்க, தட்டுல ஒண்ணே ஒண்ணு வந்து அது புடிக்கலீன்னா பட்டினி கெடக்கணுமேன்னு தான் பயம். இருவது கிண்ணத்துல கொஞ்சங் கொஞ்சமா வந்தா தைரியமா தொட்டுப் பாப்பாங்க.

அதுக்கு குஜராத்தி தாலி மாதிரி வராதுங்க. ராஜ்தானி மாதிரி எடம், சுத்த சைவம், உங்க அத்தைக்கும் ஆச்சு. உக்காந்த எடத்துலயே செம்புல தண்ணி ஊத்தி கை கழுவ விடுவாங்க, அப்பறம் ஆள் மேல ஆளா வந்து ஊத்திட்டே இருப்பாங்க, போதும் போதும்னாலும் உட மாட்டாங்க. நம்ம கல்யாண பந்தி தானுங்க அது. எங்க அப்பிச்சிக்கு 78 வயசு, தாராபுரத்த தாண்டாத ஆளு, டோக்ளாவ பாத்துட்டு "மஞ்சத்தூள் போட்ட இட்லியா"ன்னாரு, கடிய மோர்க்குழம்புன்னு ஊத்தி சாப்பிட்டாரு, கடைசில கிச்சடில நெய்ய ஊத்தி பொங்கல்னு முடிச்சுட்டாரு. பருப்புல மட்டும் வெல்லம் இருக்கும், மாமி சொன்ன அதே கத. வெறுஞ்சோறும் தயிரும் கேட்டா குடுப்பாங்க, ஊறுகாய் மேசைலயே இருக்கும், உங்கப்பாவுக்கு வேற என்ன வேணுங்க? ஸ்வீட் வர்றப்ப மாமாவ மட்டும் புடிச்சுக்கோங்க.


நெல்லைக்காரன்_ஹெச்எஸ்ஆர்:

போயிட்டு வந்தாச்சு, சொல்லாம விட்டா நல்லாருக்காதுன்னு எழுதுறேன்.

காலைல லால்பாக் போனோம். எம்டிஆர் வாசல்ல கூட்டத்த பாத்ததும் அம்மா "இவ்ளோ பேரு கல்யாணத்துக்கா வந்துருக்காங்க"ன்னாங்க, அங்கயே முடிவாயிருச்சு. ரெண்டு நாள் முன்னாடியே தாலி ஹோட்டல் ஒண்ணுல 11 பேருக்கு மத்தியானம் புக் பண்ணி வெச்சது நல்லதா போச்சு. போன் பண்ணப்ப படி, பாத்ரூம் எல்லாம் கேட்டேன், அந்தாள் ஏதோ ஆஸ்பத்திரிக்கு பண்ண வேண்டிய போன்னு நெனச்சிருப்பான்.

கை கழுவ செம்போட வந்தப்ப அப்பா எந்திரிச்சு நின்னுட்டாங்க, அவங்கள உக்கார வைக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. மாமி சொன்ன மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல பேர் வெச்சேன். பாக்குறதுக்கு சுருட்டி மஞ்சளா ஒண்ணு வந்துச்சு, காண்ட்வியாம், எனக்கே தெரியல, "பஜ்ஜி மாவ பொரிக்காம விட்டுட்டாங்க"ன்னு அத்தையே பேர் வெச்சுட்டாங்க, நாலு சாப்ட்டாங்க. பருப்பு தித்திப்புக்கு அம்மா ஒரு தடவ என்னைய பாத்தாங்க, அதோட சரி. பரிமாறுற பையன் அப்பா தட்டு காலியாகவே விடல, பேச்சு கொடுத்துப் பாத்தா அவன் ராஜஸ்தான்காரன், அப்பா தாலுகா ஆபீஸ் இந்தில அவன்ட்ட பட்டா சிட்டா வரைக்கும் விசாரிச்சாங்க. மாமா ஜிலேபி மூணு. வொய்ஃப்புக்கு பரம சந்தோஷம், அவளுக்கு புதுசு, இவங்களுக்கு பந்தி.

கடைசில சோறும் தயிரும் கேட்டு வாங்கி, அப்பா கையாலயே பிசைஞ்சாங்க, பசங்க ரெண்டுக்கும் ஒரு உருண்டை. நூடுல்ஸ் பேச்சே எழல.

ஒரே ஆள் தான் பாக்கி. மாப்பிள்ளை வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா ரயில் ஏறும்போது "ஐப்பசி ஒண்ணாம் தேதி என்னிக்கு வருது மச்சான்"னு மட்டும் கேட்டாரு. பெங்களூர்ல நல்ல பிரியாணி எங்க?


அல்சூர்_பழசு:

அதுக்கு தனி த்ரெட் போடுங்க தம்பி, இங்கன சொன்னா சண்டை தீபாவளி வரைக்கும் ஓடும்.