16 லட்சம்னா கையில எவ்வளவு?

(குழு: கோயமுத்தூர் வீடு)

கார்த்தி: பெங்களூருல இருந்து ஆஃபர் வந்திருச்சு. ப்ராஜெக்ட் மேனேஜர், ஒயிட்ஃபீல்டு பக்கம் அபார்ட்மெண்ட் சைட். சிடிசி வருசம் 16 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

அம்மா: ரொம்ப சந்தோசம் கண்ணு 🙏 அப்ப மாசம் 1,33,000 வருமா?

செந்தில் மாமா: வராதுக்கா. சிடிசின்னா கம்பெனி ஒரு ஆளுக்காக வருசத்துக்குச் செலவு பண்ற மொத்தம், கைக்கு வர்றது இல்ல. கார்த்தி, லெட்டர் கடைசிப் பக்கத்துல சம்பளப் பிரிப்பு இருக்கும், போட்டோ எடுத்துப் போடு.

கார்த்தி: 📷

செந்தில் மாமா: வருசத்துக்கு பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 8 லட்சம். கம்பெனி கட்டற பிஎஃப் 96,000, கிராஜுவிட்டி (வேலையை விடறப்ப தர்ற பணிக்கொடை) 38,480, பெர்ஃபார்மன்ஸ் போனஸ் 1,60,000. மூணும் அந்த 16-க்குள்ளயே அடக்கம். அதெல்லாம் போக மாசம் 1,08,800. அதுல உன் பங்கு பிஎஃப் 8,000, தொழில் வரி 200. புது வரி முறையில போனஸையும் சேர்த்துப் போட்டா வருமான வரி மாசம் 7,700 கிட்ட வரும். கைக்கு 93,000 தான்.

செந்தில் மாமா: பிஎஃப் உன் பணம், எங்கயும் போகாது. போனஸை நம்பி மட்டும் மாசச் செலவைத் திட்டம் போடாதே. ப்ராஜெக்ட் இழுத்துருச்சுன்னா முதல்ல கை வைக்கறது அதுலதான்.

பிரியா: அண்ணி, அங்க வாடகை எப்படி?

மீனா அக்கா: பெங்களூருல எங்க பக்கம் ரெண்டு பெட்ரூம், மெயிண்டனன்ஸோட 35,000 இல்லாம நல்ல வீடு கிடைக்கல பிரியா. அட்வான்ஸ் தனி. வெயில் காலத்துல லாரித் தண்ணிக்குன்னு அசோசியேஷன்ல மேல கேட்பாங்க. ஸ்கூலுக்கு மாசம் 12,000 எடுத்து வெச்சுரு.

பிரியா: மளிகை, பால், காய் 15,000. பெட்ரோல் 6,000. கரண்ட், கேஸ், போன் 4,000. அத்தை மாமாவுக்கு 10,000. வாடகை, ஸ்கூல் சேர்த்தா 82,000 ஆயிருது. மிச்சம் 11,000.

அம்மா: எங்களுக்கு அனுப்பறதை விடுங்க சாமி.

கார்த்தி: அதை விட மாட்டேம்மா. இங்க 71,000 வாங்கறேன், சொந்த வீடு, மாசம் 25,000 மிச்சம் பண்றோம். அதையும் பார்க்கணும்ல.

மீனா அக்கா: வாடகையைக் குறைக்கறேன்னு தூரமா போயிராதடா. பீக் அவர்ல கனரக வண்டியை உள்ள விடறதில்ல, ராத்திரிதான் கான்கிரீட் வண்டி வரும். ஸ்லாப் போடற அன்னிக்கு விடிய விடிய நிக்கணும். அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வர்றது எனக்குப் பயமா இருக்கு.

பிரியா: இந்த சைட் முடிஞ்சு அடுத்தது ஊரோட இன்னொரு பக்கம், எலக்ட்ரானிக் சிட்டியில போட்டா? ஸ்கூலை மாத்த முடியுமா?

செந்தில் மாமா: பிரியா கேட்டதுதான் சரியான கேள்வி. ஐடி ஆளுக்கு ஆபீஸ் ஒரே இடம், சைட் ஆளுக்கு அப்படி இல்ல. கார்த்தி, சம்பளத்தை ஏத்துங்கன்னு கேட்கறதை விட, சைட்டுக்குப் பக்கத்துல கம்பெனி லீஸ்ல வீடு கேளு. புது வரி முறையில எச்ஆர்ஏக்கு, அதாவது வீட்டு வாடகைப் படிக்கு, வரிக் கழிவு இல்ல. கம்பெனி வீடுன்னா சம்பளத்துல 10 சதவீதம் இல்லாட்டி நிஜ வாடகை, ரெண்டுல எது கம்மியோ அதைத்தான் வரி போட உன் வருமானமா சேர்ப்பாங்க. அடுத்த சைட் மாறுனா வீடு மாத்தற செலவு யாரோடதுன்னும் எழுத்துல வாங்கிரு.

கார்த்தி: லீஸ் வீடு குடுத்தா சிடிசியில கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்லையா மாமா?

செந்தில் மாமா: எவ்வளவு குறைக்கறாங்கன்னு பார்க்கணும். வாடகையை விடக் கம்மியா குறைச்சாங்கன்னா தாராளமா ஒத்துக்க.

பிரியா: வீடு தரலைன்னு சொல்லி, நீங்க மட்டும் அங்க போய் நானும் பாப்பாவும் இங்கயே இருக்கறதுக்கு ஒத்துக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

கார்த்தி: சரி. நாளைக்குக் காலையில எச்ஆர்க்கு போன் பண்றேன். மாமா, 10 மணிக்கு லைன்ல இருங்க.

செந்தில் மாமா: இருக்கேன் கண்ணு.