கம்பிப்பாட்டுல முதல்ல திரும்பிக் குடிசை போட்டது யாரு?

கரைவலைப் பேரன்:
அண்ணே அக்காமாரே, ஒரு சின்ன பஞ்சாயத்து. கோயில் திருவிழா மலருக்கு ஊர் வரலாறு ரெண்டு பக்கம் எழுதச் சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. 64 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சதுக்கு அப்புறம் ஆளே இல்லாம கெடந்த அந்தப் பக்கத்து கம்பிப்பாட்டுல முதல் வாடி (மீன்பிடிக்கிறவங்க தங்குற குடிசை) போட்டது எங்க தாத்தாதான்னு அப்பத்தா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்துச்சு, சம்மாட்டியோட (வலைக்குச் சொந்தக்காரர்) கரையில நின்னு இழுக்குற கரைவலைக்குப் போனவரு அப்படியே அங்கயே தங்கிட்டாராம். இப்ப பக்கத்து வீட்டு மாமா, அவங்க அய்யாதான் முதல்லன்னு மல்லுக்கு நிக்குறாரு. பட்டா கிட்டா ஒண்ணும் கெடையாது, எதை வச்சு எழுதுறது?

பாம்பன்காரன்:
பட்டாவ மறந்துருங்க தம்பி. குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு கவர்மெண்டே சொல்லிட்ட எடத்துக்கு யாரு பட்டா குடுப்பா. இன்னொண்ணு, "ஊரை உண்டாக்கினவர்"னு மட்டும் போட்ராதீங்க, பெருசுங்க சண்டைக்கு வரும். 1914ல பாம்பன் பாலம் தொறந்து போட்மெயில் ரயில் ஓட ஆரம்பிச்சதுல இருந்து தனுஷ்கோடில ஸ்டேஷன், தபாலாபீஸ், கஸ்டம்ஸ், சர்ச்சுன்னு எல்லாம் இருந்துச்சு, தலைமன்னாருக்குக் கப்பலே அங்க இருந்துதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து போன 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயிலையும் சேத்துல்ல கடல் எடுத்துச்சு. அதுக்கப்புறம் அந்த மணல்ல போய் படுத்துத் தூங்குறதுக்கே ஒரு நெஞ்சு வேணும், அதை எழுதுங்க.

தங்கச்சிமடம் அக்கா:
வாடிய வச்சு எப்படி சொல்லுவீங்க? மீன்பாடு முடிஞ்சா பிரிச்சுட்டுப் போயிருவாங்க. குடிதண்ணிக்கு முதல் ஊத்து யாரு தோண்டுனாங்கன்னு விசாரிங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல மணல்திட்டு, பெய்யுற மழ மண்ணுக்குள்ள எறங்கி உப்புத்தண்ணி மேல மெதந்துட்டு நிக்கும், கையாலயே பறிச்சா நல்ல தண்ணி ஊறும், பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாப் போனீங்கன்னா கரிச்சுரும். எங்க அம்மா செரட்டையால கலங்காம மோந்து மோந்து ஊத்தும், ஒரு கொடம் ரொம்புறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போகும். மணல் சரிஞ்சு மூடிக்கிட்டா மறுபடி மொதல்ல இருந்து. தண்ணி கெடச்சாத்தான பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வருவான், அப்பத்தான அது ஊரு.

பாம்பன்காரன்:
அக்கா சொல்றது சரிதான். எனக்கு இது தோணவே இல்ல.

கரைவலைப் பேரன்:
அக்கா, நேத்து ராத்திரி சின்ன அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாத்தா வாடிய போட்டுட்டு தண்ணிக்கு ராமேஸ்வரத்துக்கும் கம்பிப்பாட்டுக்கும் நடையா நடந்துட்டு இருந்தாராம், அப்பத்தாதான் கடுப்பாகி மம்பட்டிய தூக்கிட்டுப் போயி ஊத்து தோண்டுச்சாம். கூட நின்னு மண்ணு அள்ளிப் போட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம பக்கத்து வீட்டு மாமாவோட ஆத்தா! காலைல மாமாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "எங்காத்தா கை பூரா காப்பு காச்சிருக்கும்டா"ன்னாரு. போட்டோ தேடித் தாரேன்னு சொல்லிருக்காரு, மலருக்கு.