மறு: ஹவுஸ்ஹோல்டுக்குத் தமிழ்: குடும்பமா, குடித்தனமா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த விவாத இழை ஓடுகிறது. ஆரம்பித்துவைத்தவன் நான் என்பதால், நானே வந்து மிச்சத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்க அரசு வெளியிடும் தரவுகளை வைத்து, அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அரசு எப்படி நடக்கிறது என்று தமிழில் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதிவருகிறேன். ஒன்றில், "2022-இல் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் 74,580 டாலர்" என்று எழுதினேன் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்). வாசகர் ஒருவர், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோவின் அதே அறிக்கையிலிருந்து 95,450 டாலர் என்ற எண்ணை எடுத்துக் காட்டி, "இதில் எது பொய்?" என்று கேட்டார்.

இரண்டும் மெய்தான். முதல் எண் எல்லா ஹவுஸ்ஹோல்டுகளுக்கும் உரியது. அடுத்தது அவற்றில் ஃபேமிலி வகைக்கு மட்டும். இரண்டையும் 'குடும்பம்' ஆக்கி, ஏறக்குறைய 21,000 டாலரை ஒரு சொல்லுக்குள் தொலைத்தது என் வேலை.

அவர்கள் கணக்கில் ஒரு வீட்டில் குடியிருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரு ஹவுஸ்ஹோல்ட். ஃபேமிலி என்றால் பிறப்பாலோ திருமணத்தாலோ தத்தாலோ உறவான இரண்டு பேராவது சேர்ந்து வாழவேண்டும். தனியாக இருக்கும் பாட்டி, வாடகையைப் பங்குபோடும் நான்கு நண்பர்கள், பத்து வருடமாக மணம் முடிக்காமல் சேர்ந்து வாழும் இருவர் எல்லாம் நான்ஃபேமிலி ஹவுஸ்ஹோல்ட். என் பழைய மொழிபெயர்ப்புப்படி 'குடும்பமல்லாத குடும்பம்'. கவிதைக்கு ஆகும், அட்டவணைத் தலைப்புக்கு ஆகாது. இவர்களுடைய இடைநிலை வருமானம் 45,440 டாலர். பல வீடுகளில் சம்பாதிப்பது ஒரே ஆள், அல்லது ஓய்வு பெற்றவர்.

அதனால்தான் ஹவுஸ்ஹோல்டுக்குத் தனியாக ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்கிறேன். என் யோசனை 'குடித்தனம்'. சரி, நீங்கள் சொன்ன சொற்களுக்கு வருகிறேன்.

> இல்லம் என்று வைக்கலாமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகுதான் ஐயா. ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்றுதான் அந்தச் சொல் இப்போது அதிகம் புழங்குகிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் முதியோர் இல்லம் ஹவுஸ்ஹோல்டே இல்லை! சிறை, கல்லூரி விடுதி, படைமுகாம் ஆகியவற்றோடு அதையும் தனி வகையில் ஒதுக்கிவிடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட இடங்களில் இருந்தவர்கள் சுமார் 82 லட்சம் பேர். எது சேராதோ அதையே சொல் சுட்டினால் வம்பு.

> இலங்கை எழுத்தில் வீட்டலகு என்று பார்த்த நினைவு.

நல்ல சொல், தூக்கிப்போட வேண்டாம். ஆனால் அது காதில் கட்டடமாகத்தான் விழுகிறது. ஹவுசிங் யூனிட் என்று அவர்கள் வேறொன்றைத் தனியாக எண்ணுகிறார்களே, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும் கணக்கில் வரும் வீடு, அதற்கு வீட்டலகை வைத்துக்கொள்வோம். ஆள் குடிவந்தால்தான் வீட்டலகில் ஹவுஸ்ஹோல்ட் உண்டாகிறது.

> குடும்பம் என்றே விடுங்கள். ரேஷன் கடையில் குடும்ப அட்டைதானே கொடுக்கிறார்கள்?

இதற்குத்தான் அதிகம் யோசித்தேன். இந்தியக் கணக்கெடுப்பு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்களை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பு, தனி வாசல் உள்ள வீட்டை எடுத்துக்கொள்கிறது. இங்கே அடுப்பு, அங்கே கதவு. உள்ளே யார் யாரோடு சேர்ந்து சமைக்கிறார்கள் என்பது சென்சஸ் பீரோவுக்கு வேண்டாத விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், அதே அரசின் வேளாண் துறை நடத்தும் உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் அடுப்புக் கணக்குதான். சேர்ந்து வாங்கிச் சேர்ந்து சமைத்தால் ஒன்று. ஒரே கூரைக்குக் கீழ் அவரவர் பானையை அவரவர் வைத்தால் வேறு வேறு. (கணவன் மனைவியும், பெற்றோரோடு இருக்கும் 22 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் தனித்தனியாகச் சமைத்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படுவார்கள். கோபித்துக்கொண்டு தனி உலை வைப்பதெல்லாம் அங்கே செல்லாது.) ஆக, நான்கு நண்பர்கள் தங்கும் ஓர் அப்பார்ட்மென்ட் கணக்கெடுப்புக்கு ஒரு ஹவுஸ்ஹோல்ட், ஸ்னாப்புக்கு நான்காகவும் இருக்கலாம். ஆங்கிலச் சொல் ஒன்றுதான், அதன் எல்லை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. நாம் எடுக்கும் சொல்லும் கதவு, அடுப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கவேண்டும். உறவை மட்டும் சொல்லும் 'குடும்பம்' கொடுக்காது.

அதனால்தான் 'குடித்தனம்' என்கிறேன். ஒண்டுக்குடித்தனம் என்று கேட்டதும் ஒரு பெரிய வீடு, ஆறு போர்ஷன், ஆறு அடுப்பு என்று கண்முன் வருகிறதல்லவா? ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வழி இருந்தால் அமெரிக்கக் கணக்கிலும் அது ஆறு வீட்டலகு, ஆறு குடித்தனம். சொல் முன்பே இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

> குடித்தனம் நடத்துவது என்றால் புருஷன் பெண்டாட்டி. ஒற்றை ஆளுக்கு ஏது குடித்தனம்?

அக்கா கேட்டது நியாயம். இதுதான் என் சொல்லின் ஓட்டை. வீட்டுக்காரர்கள் 'பேச்சிலருக்கு வீடு இல்லை, குடித்தனக்காரருக்குத்தான்' என்று சொல்லும் ஊர் நம்முடையது. அமெரிக்காவிலோ 2020-இல் 27.6 சதவீதக் குடித்தனங்களில் ஒரே ஆள். 1940-இல் இது 7.7 சதவீதம்தான். கால்வாசிக்கு மேல் இருப்பவர்களை வெளியே நிறுத்தும் சொல் உதவாது. ஆனால் 'குடி' என்ற வேரில் திருமணம் இல்லை, இருப்புதான் இருக்கிறது. புழக்கத்தில் இழுத்து விரித்துக்கொள்ளலாம் என்று நம்புகிறேன். 'ஓராள் குடித்தனம்' என்று எழுதிப் பார்த்தேன், முதல் நாள் உறுத்தியது, மூன்றாம் நாள் உறுத்தவில்லை. தயவுசெய்து யாரும் இதைத் 'தனிக்குடித்தனம்' என்று எழுதிவிடாதீர்கள். மாமியார் வீட்டை விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஓராள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

மிச்சம் இருப்பது ஹவுஸ்ஹோல்டர். வீடு யார் பெயரில் இருக்கிறதோ, வாடகை ஒப்பந்தம் யார் பெயரிலோ, அந்த ஆள். இங்கே நான் மாட்டிக்கொண்டேன். 'குடித்தனக்காரர்' என்றால் வாடகைக்கு இருப்பவர். 'குடித்தனத் தலைவர்' என்றால், அவர்கள் 1980-இல் கைவிட்ட 'தலைவர்' என்ற பழைய சொல்லை நாம் பின்வாசல் வழியாகக் கூட்டிவருகிறோம். 1790-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் தலைவரின் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டது, மற்றவர்கள் வெறும் எண்கள். 1850-இல்தான் அடிமைகளல்லாத ஒவ்வொருவருக்கும் பெயர் வந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்த சொல்லைத் தமிழில் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. (வரித்துறை மட்டும் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்பதை இன்னும் வைத்திருக்கிறது, அது வேறு பொருள், அதற்கு வேறு இழை தொடங்கலாம்.)

கணக்கெடுப்புப் படிவத்தில் இவருக்கு 'நபர் 1' என்றுதான் பெயர். மற்றவர்கள் இவருக்கு என்ன உறவு என்று எழுதுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 'முதலாள்' என்று போட்டுப் பார்த்தேன். பிழை திருத்தி உடனே 'முதலாளி' ஆக்கிவிட்டது.

வீட்டலகு, குடித்தனம், குடும்பம் மூன்றையும் அடுத்த குறிப்பிலிருந்து எழுதத் தொடங்குகிறேன். எதிர்ப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள். ஹவுஸ்ஹோல்டருக்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?