பாளை வீட்டுக் குழு: பெரியப்பா ரிப்போர்ட்

செந்தில் அண்ணன்: 📷 படம்

செந்தில் அண்ணன்: அப்பாவுக்கு இருக்க சிஎல்எல்லுக்கு, அதான் அந்த லுக்கீமியா ரத்தப் புற்றுநோய்க்கு, எடுத்த ரத்த ரிப்போர்ட் வந்துட்டு. வெள்ளை அணு 41,000. போன தடவைக்கு இப்ப பெருசா கூடல. ஆனா பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 4.1னு போட்டு பக்கத்துல நட்சத்திரம் வச்சிருக்கான். டாக்டர் வியாழக்கிழமதான் வாராவ.

செல்வி அத்தை: குளோபுலின்னா புரோட்டீன்தானல? அப்ப புரோட்டீன் கூடிட்டு. முட்டை, மீனு, பருப்பு எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. மைனிட்ட சொல்லிரு.

செல்வி அத்தை: ⏩ பலமுறை பகிரப்பட்டது: புரதம் சாப்பிடுவதை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும்!! அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

குமார் சித்தப்பா: எக்கா, இந்த மெசேஜ் துபாய் வரைக்கும் வந்துட்டு. யாரு எழுதுனான்னுதான் தெரியல.

வள்ளி அக்கா: அத்தை, பொறுங்க. அது சாப்பாட்டுல இருந்து வந்த புரோட்டீன் இல்ல, செல்லு மேல இருந்து கழண்டு விழுந்தது. பெரியப்பா முட்டைய நிறுத்தவே வேண்டாம். மெலிஞ்சு போனாத்தான் கஷ்டம்.

செல்வி அத்தை: கழண்டு விழுதா? என்னட்டி சொல்லுத?

வள்ளி அக்கா: உடம்புல அனேகமா எல்லா செல்லு மேலயும் ஹெச்எல்ஏன்னு ஒரு புரோட்டீன் நிக்கும். செல்லுக்குள்ள என்ன நடக்குன்னு வெளிய எடுத்துக் காட்டுறதுதான் அதோட சோலி. பீட்டா-2 அதுல ஒரு சின்னத் துண்டு. அதுக்குன்னு செல்லுல பிடிமானம் கிடையாது, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதான் ரத்தத்துக்கு வந்துருது. எனக்கும் உதிருது, உங்களுக்கும் உதிருது. பெரியப்பாவுக்கு பி லிம்போசைட்ங்க ஒரு வகை வெள்ளை அணு ஏகப்பட்டது இருக்கு, அதனால உதிர்றதும் கூடுதல்.

குமார் சித்தப்பா: ஏட்டி, லேப் பாஷைய விட்டுட்டு நம்ம பாஷைல சொல்லு.

வள்ளி அக்கா: நெல்லையப்பர் கோயில் வாசல்ல கெடக்க செருப்பப் பாத்து உள்ள கூட்டம் எவ்வளவுன்னு சொல்லிருவோம்லா? அதே கணக்குதான் சித்தப்பா. எலும்பு மஜ்ஜை, நெறிக்கட்டி, மண்ணீரல்னு உள்ள எங்கெல்லாமோ செல்லு அடைஞ்சு கெடக்கும். ரத்தத்துல ஓடுறத மட்டும் எண்ணுனா அது தெரியாது. உதிர்ந்தத அளந்தா ஒரு மட்டுக்குத் தெரியும்.

குமார் சித்தப்பா: காந்திமதி அம்மன் வாசல்ல போட்டவன் செருப்பு எந்தக் கணக்கு? 😄

செல்வி அத்தை: நீ சும்ம கெட குமாரு. வள்ளி, 4.1 மோசமா இல்லயா? அத மொதல்ல சொல்லு.

வள்ளி அக்கா: லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் தாண்டுனா கொஞ்சம் கவனிப்பாவ, அவ்வளவுதான். இந்த சிஎல்எல் நோய்க்கு 2016ல ஒரு மார்க் முறை கொண்டுவந்தாவ. மொத்தம் 10 மார்க், கூடக் கூட மோசம். அதுல பீட்டா-2க்கு 2தான். வயசு 65 தாண்டிட்டுன்னா 1. புற்றுநோயத் தடுக்க டிபி53ங்க ஜீன் கெட்டுப்போயிருந்தா அது ஒண்ணுக்கே 4.

செந்தில் அண்ணன்: டிபி53 நல்லா இருக்குன்னு போன வருசமே சொல்லிட்டாவ.

செல்வி அத்தை: 🙏🙏 எந்தாயீ காந்திமதி

வள்ளி அக்கா: பீட்டா-2 தானா கழறது. செல்லே வெட்டி விடுறதும் உண்டு. செல்லு மேல என்னென்ன புரோட்டீன் நிக்குன்னு சொல்லுற பெரியப்பாவோட பழைய ஃப்ளோ ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க, சிடி5, சிடி19, சிடி23 பாசிட்டிவ்னு இருக்கும். இந்த சிடி23 இருக்குல்லா, அத ஆடம்10னு ஒரு நொதி நறுக்கி விட்டுருது. அந்த நொதியும் அதே செல்லு மேலதான் நிக்கு.

மதி: தன்னோடத தானே எதுக்குக்கா வெட்டிக்கிடுது? லூசா?

வள்ளி அக்கா: நல்ல செல்லும் வெட்டத்தான்ல செய்யும். மேல இருக்கத அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்கணும்லா. ஆனா லுக்கீமியா செல்லுக்கு இதுல கள்ளத்தனமா ஒரு லாபம். செல்லு கெட்டுப்போனா மைக்கான்னு ஒரு புரோட்டீன் மேல முளைக்கும், ‘என்னையக் கொல்லு’ங்கத போல. கெட்ட செல்லக் கொல்லுற என்கே செல்லுன்னு ஒரு வெள்ளை அணு அதப் பாத்துதான் வந்து கொல்லும். லுக்கீமியா செல்லு மைக்காவ அறுத்து ரத்தத்துல விட்டுருது. மேல அடையாளம் கொறஞ்சு போச்சா? மிதக்க துண்டு வேற போயி என்கே செல்லோட பிடிய அடைச்சுக்கிடுது. நெசக் கள்ளன் வரும்போது அதால பிடிக்க முடியல.

மதி: கில்லாடி 🔥

வள்ளி அக்கா: நெருப்பு எல்லாம் விடாதல, பெரியப்பா பாத்துருவாவ.

பெரியப்பா: பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நான் இந்தக் குரூப்புலதான் இருக்கேங்கது எல்லாருக்கும் மறந்துட்டு போல. வள்ளி, பின்னாடி ரிட்டுக்சிமாப் போட வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னாரு. இப்படி எல்லாத்தையும் உதிர்த்துட்டுப் போற செல்ல அது எதப் பிடிச்சுக் கொல்லும்?

வள்ளி அக்கா: வாத்தியார்னா வாத்தியார்தான் பெரியப்பா. அது பிடிக்கது செல்லு மேல நிக்க சிடி20ங்க இன்னொரு புரோட்டீன. அமெரிக்காவுல 1997லயே அனுமதி கெடச்ச மருந்து. சிடி20 சுலபத்துல உதிராது. ஆனா சிஎல்எல்ல அது கொஞ்சமாத்தான் இருக்கும், அது ஒரு கொறை. இன்னொரு தொல்லையும் உண்டு. மருந்து ஒட்டுன செல்ல நம்ம உடம்போட விழுங்குற செல்லான மேக்ரோஃபேஜ் முழுசா விழுங்கணும். செல்லு லட்சோப லட்சமா வந்தா அதுக்கு ஏலாது. அப்ப மருந்தையும் சிடி20யையும் மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு செல்ல உசுரோட விட்டுரும். 2004ல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க நோயாளிங்க ரத்தத்துலயே இதப் பாத்து எழுதுனாங்க.

பெரியப்பா: நம்ம ஆளே எதிரிக்கு ஒத்தாச பண்ணுதான்.

வள்ளி அக்கா: ஆமா. பெரும்பாலும் அத மத்த மருந்தோட சேத்துத்தான் போடுறது. இப்ப செல்லுக்கு உள்ள போயி வேல செய்ய மாத்திரையும் வந்துட்டு, அதுக்கு மேல என்ன நிக்குங்கது கணக்கே இல்ல. உங்களுக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். இப்போதைக்கு மருந்தே வேண்டாம்னுதான சொல்லிருக்காவ.

வள்ளி அக்கா: செந்தில் அண்ணே, ஒண்ணு கேக்க விட்டுட்டேன். வாசல்ல கெடக்க செருப்ப அள்ளுறவன் வரலன்னாலும் குவியும்லா? பீட்டா-2வ ரத்தத்துல இருந்து வடிச்சு எடுக்கது கிட்னி. கிட்னி சோர்ந்தாலும் நம்பர் ஏறும். கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் எவ்வளவு?

செந்தில் அண்ணன்: இந்தத் தடவ எடுக்கச் சொல்லல. சித்திரையில 1.1 இருந்துச்சு.

செல்வி அத்தை: கிட்னியா? அண்ணன் முட்டுவலிக்கு சமாதானபுரம் மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டு இருக்காவ. மைனி சொன்னா.

பெரியப்பா: ஏ செல்வி.

வள்ளி அக்கா: என்ன மாத்திரை பெரியப்பா? அட்டையப் போட்டோ எடுத்துப் போடுங்க.

பெரியப்பா: 📷 படம்

வள்ளி அக்கா: டைக்ளோஃபினாக். இத நாள்கணக்குல போட்டா கிட்னிக்கு ஆகாது. இன்னைக்கு ராத்திரி வேண்டாம். டாக்டர்ட்ட கேக்காமப் போடாதிய.

பெரியப்பா: முட்டு வலிக்கே.

குமார் சித்தப்பா: அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க.

வள்ளி அக்கா: வலிக்கு வேற மாத்திரை டாக்டர் எழுதித் தருவாவ. செந்தில் அண்ணே, வியாழக்கிழமைக்கு முன்னாடி கிரியேட்டினின் எடுத்துருங்க. அது இல்லாம 4.1ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

செந்தில் அண்ணன்: நாளைக்குக் காலைல 8 மணிக்கே கூட்டிட்டுப் போறேன். அப்பா, அந்த மாத்திரை அட்டையையும் சட்டப்பைல வச்சுக்கிடுங்க.

பெரியப்பா: 👍