ஓடுபாதை மேலிருந்து தெரிந்தும் விமானம் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஓமலூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். மார்கழி மாதக் காலை ஒன்றில் சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் வந்தேன். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு மேலே வந்ததும் விமானம் வட்டமடிக்கத் தொடங்கியது. சன்னலோரம் அமர்ந்திருந்த எனக்கு, மெல்லிய பனிமூட்டத்தின் ஊடே ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகளும் பக்கத்துச் சாலையில் விளக்கெரிய ஊர்ந்த பேருந்தும் நன்றாகவே தெரிந்தன. ஆயினும் பார்வைத் தூரம் போதவில்லை என்று அறிவித்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓடுபாதை விமானிக்குத் தெரியாமல் போகுமா? அனுபவமுள்ள விமானி என்றால் இறக்கியிருப்பார் என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் உறுதியாகச் சொன்னார். அது சரியா?

பதில்: பறப்புப் பயிற்சியாளர்

நீங்கள் பார்த்தது நேர் கீழே. விமானி பார்க்க வேண்டியிருந்தது எதிரே, சாய்வாக. தரையை ஒட்டிக் கிடக்கும் பனிமூட்டம் 300 அடிக் கனம் என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தாகப் பார்க்கும் கண் அந்த 300 அடியைக் கடந்தால் போதும். தரையிறங்கும் விமானமோ ஏறத்தாழ 3 டிகிரிச் சரிவில் வருவதால், விமானியின் பார்வை அதே பனிக்குள் கிட்டத்தட்ட 5,700 அடி, அதாவது 1.7 கிலோமீட்டர் ஊடுருவியாக வேண்டும். மேலே இருக்கும்வரை தெளிவாகத் தெரிந்த ஓடுபாதை, பனியின் மேற்பரப்பைத் தொட்டவுடன் மறைந்துபோவது இதனால்தான். மிகவும் ஏமாற்றக்கூடிய வானிலை இதுவே என்பேன், ஏனென்றால் "இறங்கிவிடலாம்" என்ற நம்பிக்கையை அது முதலிலேயே கொடுத்துவிடுகிறது.

சேலத்தில் ஐஎல்எஸ் வசதி, அதாவது ரேடியோ அலையால் வழிகாட்டித் தரையிறக்கும் கருவி, கிடையாது. ரேடியோ அலையைப் பிடித்து ஓடுபாதையின் வாசல்வரை இறங்கி வரும் வழி இல்லாததால், கடைசிக் கட்டத்தை விமானி தம் கண்ணை நம்பியே முடிக்க வேண்டும். கண்பார்வை விதிகளின்படி பறக்கும் விமானம் கட்டுப்பாட்டு எல்லைக்குட்பட்ட நிலையத்தில் இறங்க, பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தூரமும் 1,500 அடிக்குக் குறையாத மேகத்தளமும் (மேகத்தின் அடிப்பகுதி இருக்கும் உயரம்) வேண்டும் என்பது விதி. அந்த 5 கிலோமீட்டர் மிகையான எச்சரிக்கை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புகைமூட்டத்தில் ஓடுபாதை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். முன் கண்ணாடியில் மழைநீர் வழிந்தால் நாம் உயரமாக இருப்பதாகத் தோன்றும். அகலமான ஓடுபாதைகளுக்குப் பழகியவருக்குக் குறுகலான ஓடுபாதையும் அதே மயக்கத்தைத் தரும். இவை எல்லாமே விமானியைத் தேவைக்குமேல் தாழ இறங்கத் தூண்டுபவை.

பதில்: ஏற்காட்டுக்காரர்

மலையிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். குளிர்காலக் காலையில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் நமக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். கீழே சேலம் பாலாடை படர்ந்தாற்போல் மூடிக் கிடக்கும். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்பதால், இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. வெயில் ஏறினால்தான் கலையும். விமான நிலையம் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது, ஏற்காடோ 5,000 அடியை நெருங்குகிறது. ஓடுபாதையைத் தேடித் தாழ்வாக அலைவதற்கு உகந்த இடமல்ல இது.

மீண்டும் ஓமலூர்வாசி

மிக்க நன்றி ஐயா. பார்வைக் கோணத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அனுபவம் பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. அத்துடன், திரும்பத்தான் போகிறார்கள் என்றால் ஏன் அவ்வளவு நேரம் சுற்ற வேண்டும்?

பதில்: பறப்புப் பயிற்சியாளர்

அந்தப் பெரியவர் மீது குறை சொல்லவில்லை, ஆனால் நடந்தவை வேறு விதமாகச் சொல்கின்றன. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய விமானத்தின் தலைமை விமானி மிகுந்த அனுபவசாலி. முதல் முயற்சியைக் கைவிட்டவர், இரண்டாம் முறை பின்காற்றோடு வந்து, 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் பதித்தார். மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி சொல்லியும் அது நடக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் வானிலை நன்றாகவே இருந்தது. அங்கும் துணை விமானி எச்சரித்தார், தலைமை விமானி தொடர்ந்தார், 158 பேர் மாண்டார்கள். இலக்கு நெருங்க நெருங்க, திட்டத்தை விட்டுக்கொடுக்க மனம் மறுக்கிறது. பல்லாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

ஆகையால்தான் முடிவைக் கடைசி நொடிக்கு விட்டுவைப்பதில்லை. தெளிந்த வானிலையில்கூட, 500 அடிக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், திசை, சக்கரம் யாவும் சரியாக அமைந்திராவிட்டால் மேலெழும்ப வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நடைமுறை. ஏடிஆர் ரகச் சிறிய பயணிகள் விமானத்துக்கு அந்த உயரத்திலிருந்து தரை தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் யோசித்து வாதாட முடியாது.

வட்டமடித்ததும் இதே கணக்கில் அடங்கும். மாற்று நிலையத்துக்குச் செல்லும் எரிபொருளையும், அதற்குமேல் 30 நிமிடம் பறக்கப் போதுமான இறுதி இருப்பையும் தொடாமல், மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பனி கலையக் காத்திருக்க முடியும். அந்த மிச்சம் தீரும் நேரத்தை விமானிகள் முன்னதாகவே குறித்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் வந்துவிட்டால், பனி சற்று விலகுவதுபோல் தோன்றினாலும் விமானத்தைத் திருப்பிவிடுவார்கள்.