மறுமொழி: தேனீப் பெட்டி மாறுவது வேறு, சட்ட அளவு மாறுவது வேறு

வணக்கம் நண்பர்களே,

தேனீக் குடும்பத்தை ஓர் அளவுச் சட்டத்திலிருந்து வேறு அளவுச் சட்டத்துக்கு மாற்றும் வேலைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> "பெட்டி மாற்றம்" என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் இரண்டு வேறு வேலைகள் ஒரே பெயருக்குள் போய்விடும் என்பதுதான் என் தயக்கம்.

பிரிட்டனைப் பாருங்கள். நேஷனல், டபிள்யூ.பி.சி., ஸ்மித், லாங்ஸ்ட்ராத் என்று அங்கே பல வகைப் பெட்டிகள் புழங்குகின்றன. டபிள்யூ.பி.சி.க்கு இரட்டைச் சுவர், நேஷனலுக்கு ஒற்றைச் சுவர்; பார்த்தால் உறவே தெரியாது. ஆனால் இரண்டிலும் தொங்குவது, தேனீக்கள் அடை கட்டுகிற 14 × 8½ அங்குல மரச்சட்டம். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. ஸ்மித்துக்கும் அதே அளவு அடைதான், சட்டத்தின் காது, அதாவது பெட்டி விளிம்பில் தொங்கும் மேல்கட்டையின் முனை, மட்டும் குட்டை. நீளக் காதை அறுத்துவிட்டால் உட்கார்ந்துவிடும். இவை மூன்றுக்கும் இடையே நடப்பதைப் "பெட்டி மாற்றம்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

நேஷனலிலிருந்து லாங்ஸ்ட்ராத்துக்குப் போகும்போது கதை வேறு. அதன் சட்டம் 17⅝ × 9⅛ அங்குலம். பழைய பெட்டிக்குள் நுழையவே நுழையாது. முட்டை, புழு, கூட்டுப்புழு, மகரந்தம், தேன் எல்லாம் பழைய அளவு அடையில் இருக்கின்றன. குடும்பம் அவற்றை விட்டுவிட்டுப் புது அடை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாம் அந்த அடையை அறுத்து மாற்ற வேண்டும். தேனீக்குப் பெட்டி வெறும் சுவர், வாழ்க்கை அடையில் இருக்கிறது. ஆகவே நம் சொல் அடையையும் சட்டத்தையும் பற்றி நிற்க வேண்டும் என்கிறேன்.

> "சட்ட மாற்றம்" / "சட்டக மாற்றம்"

முதலாவதைத் தலைப்பில் பார்ப்பவர் நாடாளுமன்றச் செய்தி என்று நினைப்பார். இரண்டாவதை மென்பொருள்காரர்களும் சமூகவியல்காரர்களும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். பெட்டி திறந்து பார்க்கிறவர் சொல்வது "சட்டம்"தான். அதை விடாமல் அடைச்சட்டம் என்று முன்னொட்டு கொடுத்தால் குழப்பம் தீரும். அளவு மாறும் வேலைக்கு அடைச்சட்ட மாற்றம்.

அந்த வேலைக்குள் முறைகள் உண்டு, அவற்றுக்கும் பெயர் வேண்டும். நீண்ட பெயர்ச்சொற்களைவிட, கை செய்வதைச் சொல்லும் வினைகள் நன்றாக இருக்கும்.

கட்டி மாற்றல்: அடையை அறுத்துப் புதுச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுவது. மரப்பொந்திலிருந்து அடுக்குத் தேனீயை (இந்தியத் தேனீயை) பிடிக்கிறவர்களுக்கு இது பழக்கம். அடையிலுள்ள ஒவ்வொரு அறையின் வாயும் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், முன்பு மேலே இருந்த பக்கம் இப்போதும் மேலேதான் இருக்க வேண்டும்.

ஏற்றி மாற்றல்: புது அளவுப் பெட்டியைப் பழையதன் மேல் வைத்து, அங்கே அடை கட்டத் தொடங்கியதும் ராணியை மேலே ஏற்றி, நடுவில் ராணி தடுப்புத் தகடு (பணித்தேனீ நுழையும், ராணி நுழையாத துளைத் தகடு) போடுவது. இத்தாலியத் தேனீயில் முட்டை முழுப் பணித்தேனீயாக 21 நாள், ஆண் தேனீயாக 24 நாள். அந்தக் கணக்கு கடந்தபின் கீழே புழு இருக்காது, பழைய பெட்டியை எடுத்துவிடலாம். இளம் தேனீ ஒன்றும் வீணாகாத வழி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே. நேஷனல் 18⅛ அங்குலச் சதுரம், லாங்ஸ்ட்ராத் 20 × 16¼. ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. இடையில் துளையிட்ட பலகை ஒன்று வேண்டும். அதற்குப் பொருத்துப் பலகை என்கிறேன்.

உதறி மாற்றல்: எல்லாத் தேனீயையும் ராணியோடு புதுப் பெட்டிக்குள் உதறிவிட்டு, சர்க்கரைப் பாகு கொடுத்து அடை கட்ட வைப்பது. பழைய அடையும் புழுவும் போய்விடும். வேகமான வழிதான், ஆனால் அடுக்குத் தேனீயிடம் இதைச் செய்யத் துணிய மாட்டேன். தொந்தரவு தாங்காமல் பெட்டியை விட்டே ஓடிவிடும் இனம் அது. விளக்கத்தில் இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மேலைநாட்டுக் குறிப்பை அப்படியே தமிழாக்கினால் இங்கே ஒருவருடைய குடும்பம் போய்விடும்.

நம் ஊர் அளவுகளையும் விளக்கத்தில் கொடுப்போம். நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கென்று வடிவமைத்த பெட்டியில் புழு வளரும் பகுதியின் சட்டத்தின் உள்ளளவு 8¼ × 5¾ அங்குலம். இத்தாலியத் தேனீயை லாங்ஸ்ட்ராத்தில் வைத்திருப்பவர் இரண்டையும் கலக்க முடியாது. நீளம் அகலம் மட்டும் காரணமில்லை: அடுக்குத் தேனீ உடலில் சிறியது, அதன் அறையும் அடைகளுக்கு இடையே அது விடும் தூரமும் குறைவு.

இன்னொன்று. குட்டைச் சட்டத்தை ஆழமான பெட்டியில் தொங்கவிட்டால், அடியில் உள்ள வெற்றிடத்தில் தேனீக்கள் தாமாகவே அடை கட்டிவிடும். தேனீ இடைவெளி, அதாவது தேனீக்கள் நடமாட அடைக்காமல் விடும் ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர், அதைத் தாண்டிய எந்த இடத்தையும் அவை சும்மா விடுவதில்லை. 1852இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் காப்புரிமை பெற்ற பெட்டியே இந்த இடைவெளியை மதித்ததால்தான் வென்றது. இப்படிக் கீழே நீளும் அடைக்குத் தொங்கடை என்று போட்டிருக்கிறேன். தேனடை எல்லாமே தொங்குவதுதானே என்று கேட்பீர்கள், நியாயம்தான். நல்ல சொல் கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்கள் குழுவில் இருந்தால், சட்டத்தின் "காது"க்கு நீங்கள் வேறு சொல் புழங்குகிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்